கைகண்ட முகம்

கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த களிமண் அசையத் தொடங்கியதும் ஜெசிந்தா மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

யாரும் அதைத் தொடவில்லை. புளித்த மாவு பொங்கி வருவதைப் போல அது தானாகவே எழும்பியது. முதலில் ஒரு நெற்றி வந்தது. அப்புறம் மூக்கு. கன்னங்கள் திரண்டு, உதடுகள் பிரிந்து, கழுத்து நிமிர்ந்தது. பெட்டிக்கு அந்தப் பக்கம் சாய்வு நாற்காலியில் அம்மா சகாயராணி கண்ணை மூடிப் படுத்திருந்தாள். நீச்சல்காரர்கள் அணிவது போன்ற தொப்பி ஒன்று அவள் தலையை இறுகப் பிடித்திருந்தது. மூடிய இமைகளிலிருந்து கண்ணீர் வழிந்து காதோரம் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் மனதுக்குள் யாரைப் பார்க்கிறாளோ, அவளைத்தான் மண் வெளியே கொண்டுவந்துகொண்டிருந்தது.

"பிளாவி," என்றாள் ஜெசிந்தா தன்னை அறியாமல்.

அவள் தங்கை பிளாவியாதான். கண்களைத் தாழ்த்தி, எந்தக் கவலையும் இல்லாதவளாக, தூங்கப் போகிறவளைப் போல இருந்தாள்.

டாக்டர் ஜுலைகா பெட்டியைப் பார்த்தார். பிறகு ஜெசிந்தாவைப் பார்த்தார். மறுபடி பெட்டியைப் பார்த்தார். வேலை நல்லபடி முடிந்த திருப்தி அவர் முகத்திலிருந்து மெல்ல வடிந்துபோனது.

"நீங்க ரெண்டு பேரும்..."

"ரெட்டைப் பிள்ளைய, டாக்டர். நான் மூத்தவ."

"அச்சு அசல் ஒரே மாதிரியா?"

"எங்க அப்பாவுக்கே கடைசி வரைக்கும் குழம்பும். அம்மாதான் தூரத்துல வரும்போதே பேரு சொல்லிக் கூப்பிடுவா."

டாக்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அம்மா கண் விழித்துவிட்டாள். சிலையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அழவில்லை. பெரிய மூட்டையை இறக்கி வைத்தவளைப் போலத் தோள்கள் தளர, "பசிக்குது," என்றாள். பிள்ளை போன நாளிலிருந்து அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது. ஜெசிந்தா சாப்பாடு வாங்க எழுந்துவிட்டாள். டாக்டர் சொல்ல வந்ததைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை.

அந்த வருடம் தூத்துக்குடியில் பிளாவியா மச்சாடோ என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள் இல்லை. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள் வரிசையாக நிற்கும் காற்றாலைக் கோபுரங்களுக்கு அவள்தான் மீட்புப் படகின் தலைவி. எதிர்பாராமல் திசை மாறி வந்த புயலில், பராமரிப்பு வேலைக்குப் போன ஆட்கள் கோபுரம் ஒன்றின் மேல்தளத்தில் மாட்டிக்கொண்டார்கள். கோபுரம் சாய்ந்துகொண்டிருந்தது. பிளாவியா படகை அதன் காலடிக்குக் கொண்டுபோனாள். ஆட்கள் ஒவ்வொருவராகக் கயிற்றில் இறங்கினார்கள். கடைசி ஆளின் முறை வந்தபோது கயிற்றின் கொக்கி மேலே சிக்கிக்கொண்டது. படகைத் துணையாளிடம் ஒப்படைத்துவிட்டு அவளே ஏணியில் ஏறினாள். கொக்கியை விடுவித்து அவரைக் கீழே அனுப்பினாள். அவள் திரும்பி இறங்குவதற்குள் கோபுரம் முறிந்து கடலில் விழுந்தது. உடல் கிடைக்கவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் சாலைக்கு அவள் பெயரை வைத்தார்கள். தலைக்கவசமும் முகமறைப்பும் அணிந்த அவள் படம் எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் மாட்டப்பட்டது. ஊரே பெருமைப்பட்டது. அம்மாவும் பெருமைப்பட்டாள். ஆனால் பெருமையைச் சாப்பிட்டு உயிர் வாழ முடியவில்லை. பேக்கரியில் மக்ரூனுக்கு முட்டையும் சர்க்கரையும் அடித்தே வாழ்நாளைக் கழித்தவள், அடுப்படிப் பக்கமே போகாமல் சுருண்டுவிட்டாள். "கடைசியா ஒருவாட்டி மொகத்தப் பாத்திருந்தா மனசு ஆறிருக்கும்," என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதனால்தான், துக்கத்தை ஆற்றும் இந்தச் சிகிச்சை நிலையத்தைத் தேடி ஜெசிந்தா அம்மாவை அழைத்து வந்தாள்.

காயல்பட்டினத்துக்காரரான டாக்டர் ஜுலைகா முதல் நாளே எல்லாவற்றையும் விளக்கியிருந்தார்.

"அம்மா, நீங்க பேக்கரியில இருந்தவங்க. உங்களுக்குச் சுலபமா புரியும். ஒரு நினைவு மனசுல ரொட்டி மாதிரி வெந்து கெட்டியா இருக்கு. அதைத் திரும்ப நினைக்கும்போது கொஞ்ச நேரத்துக்கு மாவா இளகுது. அப்புறம் மறுபடியும் வெந்துடுது. இளகி இருக்கிற நேரத்துல, அதுல இருக்கிற வலியை நாங்க உருவத்தோட வெளியே இழுத்து மண்ணுல இறக்கிடுவோம். இந்த மண்ணுல காந்தத்துக்குக் கட்டுப்படுற துகள் இருக்கு. மனசுல இருக்கிறது அப்படியே சிலையா நிக்கும்."

"வலி மட்டுந்தான் போவுமா?" என்று ஜெசிந்தா கேட்டாள்.

"முகமும் கொஞ்சம் மங்கும். அதுக்குத்தான் சிலை இருக்கே. வேணும்கிறப்போ பாத்துக்கலாம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது.

சிகிச்சை முடிந்து அன்று அம்மாவை அங்கேயே தங்க வைத்தார்கள். மறுநாள் காலையில் அழைத்துப்போக ஜெசிந்தா வந்தாள். அம்மா தலைசீவி, படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டிருந்தாள். மாதாகோவில் பாட்டு ஒன்றை வாய் முணுமுணுத்தது. காலடிச் சத்தம் கேட்டு நிமிர்ந்து, மரியாதையாகச் சிரித்தாள்.

"வாங்க சிஸ்டர். எம் மக வந்துட்டாளா?"

விளையாடுகிறாள் என்று ஜெசிந்தா நினைத்தாள். "என்னம்மா?" என்றாள்.

அம்மாவின் சிரிப்பு நின்றது. அவள் ஜெசிந்தாவின் முகத்தை விட்டுவிட்டு, அவளுக்குப் பின்னால் கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள்.

"ஜெசி கொரலு கேட்டுச்சே. எங்க அவ?"

டாக்டர் ஜுலைகா எதையும் மறைக்கவில்லை. தன் அறையில் ஜெசிந்தாவை உட்காரவைத்துச் சொன்னார்.

"உங்க அம்மா மனசு ரெண்டு பேருக்கும் சேத்து ஒரே முகத்தைத்தான் வச்சிருந்திருக்கு. இது மூத்தவ, இது இளையவன்னு பிரிச்சுக் காட்டுற சின்னச் சின்ன அடையாளம் மட்டும் தனியா. நாங்க அந்த முகத்தை எடுத்தப்போ..."

"என்னையும் சேத்து எடுத்துட்டிய."

"ஆமா. செய்தியில வந்த படத்துல எல்லாம் அவங்க முகமே தெரியலை. எனக்குக் கேக்கத் தோணலை. என் தப்பு."

"திரும்ப வைங்க."

"எங்களுக்கு எடுக்கத்தான் தெரியும். வைக்கத் தெரியாது."

கோபப்படக்கூட ஜெசிந்தாவுக்குத் தெம்பில்லை. டாக்டர் அன்றே இயந்திரத்தை நிறுத்தினார். முன்பு வந்துபோனவர்களை ஒவ்வொருவராக அழைத்து விசாரித்தார். மனைவியின் முகத்தை மண்ணில் இறக்கிவிட்டுப் போன ஒருவர், தாயைப் போலவே இருக்கும் தன் மகளை வீட்டுக்குள் வரும்போதெல்லாம் யாரோ என்று நினைத்துத் திடுக்கிட்டுக்கொண்டிருந்தார். வயதாகிவிட்டது என்று எண்ணி வெளியே சொல்லவில்லை. தன் சாயலிலேயே இருந்த அண்ணனை இழந்த ஒருவருக்குக் கண்ணாடியில் தெரிவது யார் என்று பிடிபடவில்லை. துக்கத்தில் இருப்பவர்கள் இப்படித்தான் இருப்பார்கள் என்று வீட்டாரும் விட்டுவிட்டார்கள். ஆனால் நிலையத்தை மூடியதும் வாசலில் கூட்டம் கூடிச் சண்டைக்கு நின்றது. "முகம் போனா போகட்டும், எங்களுக்கு இந்த வலி வேண்டாம்," என்று ஒரு பெண் கதவைத் தட்டிக் கதறியதை ஜெசிந்தாவே பார்த்தாள். அவள்மீது கோபம் வரவில்லை. தானும் அம்மாவை அப்படித்தானே அழைத்து வந்தாள்.

வீட்டில் புதிய வழக்கம் ஒன்று தொடங்கியது. உள்ளே நுழையும் முன்பே, "அம்மா, ஜெசி வந்திருக்கேன்," என்று குரல் கொடுக்க வேண்டும். குரலை வைத்துத்தான் அம்மா அவளை அறிந்தாள். முகத்தைப் பார்த்தால் கூச்சப்பட்டாள். முன்பின் தெரியாத பெண் ஒருத்தி மகளின் குரலில் பேசுவதைக் கேட்கும் கூச்சம். இன்றைக்கு உற்றுப் பார்த்து மனதில் வாங்கியது நாளைக்கு நிற்கவில்லை.

ஜெசிந்தா ஒரு பல் ஆய்வகத்தில் செயற்கைப் பற்கள் செய்கிறவள். மெழுகில் செதுக்கி, அச்சு எடுத்து, உலோகத்தில் வார்ப்பது அவள் வேலை. ஒருநாள் வேலை முடிந்து களைத்துப்போய், குரல் கொடுக்க மறந்து வீட்டுக்குள் நுழைந்துவிட்டாள். அம்மா கூடத்தில் அந்தச் சிலைக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள். திரும்பிப் பார்த்தாள். சிலையைப் பார்த்தாள். மறுபடி அவளைப் பார்த்தாள்.

"பிளாவி!"

பாய்ந்து வந்து கட்டிக்கொண்டாள். "வந்துட்டியா எங்கண்ணு! கடலம்மா ஒன்ன விட்டுட்டாளா! எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்..." ஜெசிந்தாவை இழுத்துப்போய் உட்காரவைத்து, சோற்றைப் போட்டு, சாளைமீன் குழம்பை ஊற்றினாள். முள்ளெடுத்து உருண்டை பிடித்து ஊட்டினாள்.

ஜெசிந்தா வாயைத் திறந்தாள். பேசவில்லை. சோற்றை வாங்கிக்கொண்டாள்.

பேசினால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பேசாமல் இருந்தால் அம்மாவுக்குத் தொலைந்த பிள்ளை கிடைத்துவிட்டாள். எவ்வளவு சுலபம்! இனிமேல் பிளாவியாவாகவே இருந்துவிட்டால் என்ன என்று ஒரு நிமிடம் உண்மையாகவே யோசித்தாள். அம்மா அப்படிச் சிரித்து எத்தனை மாதமாயிற்று. அடுத்த உருண்டை வந்தது. அம்மா கேட்டாள்: "அக்காவப் பாத்தியாட்டி? ஒன்ன நெனச்சு நெனச்சு அவளும் பாதியாப் போயிட்டா. ஒருவார்த்த சொல்ல மாட்டா. எல்லாத்தையும் உள்ளுக்குள்ளயே வச்சிருப்பா, பாவம்."

ஜெசிந்தாவுக்கு அதற்கு மேல் முடியவில்லை.

"அம்மா, நான் ஜெசி," என்றாள்.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. பிறகு அவள் அழுத அழுகையை ஜெசிந்தா முன்பு கேட்டதில்லை. நிலையத்தில் எடுத்தது எல்லாம் எங்கேயும் போய்விடவில்லை, வாசலில்தான் காத்துக்கொண்டிருந்தது போல இருந்தது. அழுது ஓய்ந்ததும் அம்மா எழுந்து, துவைத்த துண்டு ஒன்றை எடுத்துச் சிலையின் மேல் போட்டு மூடினாள். முகம் கழுவி வந்து ஜெசிந்தாவின் எதிரே அமர்ந்தாள். கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்தாள். நெற்றி, புருவம், கன்னம், தாடை என்று விரல்கள் தடவிக்கொண்டே போயின.

"கண்ணத் தெறந்தா நீ யாரோ. மூடிக்கிட்டா எம் பிள்ள," என்றாள் ஆச்சரியமாக.

"என்னம்மா சொல்லுத?"

"கைக்கு மறக்கலட்டி. அந்தத் தொப்பி தலையிலதான மாட்டுனாவ. கையில மாட்டலல்லா." சற்று யோசித்தாள். "எனக்குக் கொஞ்சம் மண்ணு வாங்கிட்டு வா. தானா ஆடுற மண்ணு வேண்டாம். சும்மா கெடக்கிற மண்ணு."

ஜெசிந்தா தாமிரபரணிக் கரையிலிருந்து ஒரு மூட்டை களிமண்ணும், தன் ஆய்வகத்திலிருந்து செதுக்கும் கத்திகளும் கொண்டுவந்தாள். டாக்டரிடம் தொலைபேசியில் சொன்னாள். "இருக்கலாம். கண்ணு ஒரு பாதை, தொடுறது வேற பாதை. பாக்கிற பாதையை நாங்க அடைச்சுட்டோம். தொடுற பாதை வழியா முகம் திரும்ப வருமான்னு எனக்குத் தெரியலை. யாரும் முயற்சி பண்ணினதில்லை," என்றார்.

மதியச் சாப்பாடு முடிந்ததும் அம்மா உட்கார்ந்துவிடுவாள். கண் மூடியிருக்கும். இடது கை ஜெசிந்தாவின் முகத்தில், வலது கை மண்ணில். முதலில் செய்தவை எல்லாம் உருண்டைகள்.

"எப்படிட்டி இருக்கு?"

"பன்னு மாதிரி இருக்கும்மா. மேல ரெண்டு செர்ரி வச்சா வித்துரலாம்."

அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். உடைத்துப் பிசைந்து மறுபடி தொடங்கினாள். மாவு பிசைந்து பழகிய விரல்களுக்கு மண் வெகு சீக்கிரம் வசப்பட்டது. எங்கே அழுத்த வேண்டும், எங்கே விட்டுப் பிடிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டாள். காதுகள் வந்தன. மூக்கு வந்தது. ஒருநாள் ஒரு முகமே வந்துவிட்டது. அம்மா கண் திறக்காமலே அதைத் தடவிப் பார்த்து, "இது பிளாவி இல்ல," என்று பிய்த்துப் போட்டாள். அடுத்தது, அதற்கடுத்தது எல்லாவற்றுக்கும் அதே கதி.

கடைசியில் ஜெசிந்தாவின் பொறுமை போய்விட்டது.

"ஒனக்கு வேண்டியது அவதான். எம் மொகத்தத் தடவித் தடவி அவளத் தேடுத. நான் சும்மா ஒரு அச்சு. பள்ளிக்கூடத்துலயும் அப்படித்தான், தெருவுலயும் அப்படித்தான். பிளாவியாவுக்கு அக்கா, பிளாவியாவுக்கு அக்கா. அவ கடலுக்குள்ள போயி உயிரக் காப்பாத்துனா. நான் கடவாப்பல்லு செஞ்சேன். போனது நானா இருந்தா ஒனக்கு இவ்வளவு வலிச்சிருக்காதுல்ல?"

சொல்லிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

அம்மா கையை எடுக்கவில்லை. அவள் விரல்கள் ஜெசிந்தாவின் தாடையில் அப்படியே நின்றன. பிறகு மெல்ல அந்த இடத்தை அழுத்திப் பார்த்தன.

"இந்தா இருக்கு," என்றாள் அம்மா.

"என்னது?"

"இதான் நீ. கோவம் வந்தாலும் பயம் வந்தாலும் பல்லக் கடிச்சு இந்த எடத்துல இறுக்கிக்கிடுவ. பொறந்து ஒரு வயசுலயே அப்படித்தான். நடக்கப் பழகுறப்ப விழுந்தா பல்லக் கடிச்சுக்கிட்டு எந்திரிப்ப. அவ அப்படி இல்லட்டி. அவளுக்குப் பயம் வந்தா சிரிச்சிருவா. ஊசி போடக் கூட்டிட்டுப் போனாலும் சிரிப்பா. டாக்டர் வைவாரு." அம்மாவின் மூடிய கண்களிலிருந்து நீர் இறங்கியது. ஆனால் முகம் மலர்ந்துகொண்டிருந்தது. "நான் அவள மட்டும் தேடலட்டி. ஒன்னயுந்தான் தேடுனேன். ஒன்னக் கண்டுபிடிக்காம அவளப் பிரிச்செடுக்க முடியல. நீ போயிருந்தா எனக்கு வலிச்சிருக்காதாமா? பேசுத பாரு பேச்சு."

ஜெசிந்தா அம்மாவின் மண் படிந்த கையைத் தன் கன்னத்தோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, அந்த மாதங்களில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள்.

அன்றிலிருந்து வேலை வேறு மாதிரி ஆயிற்று. இரண்டு பலகைகளில் இரண்டு முகங்கள் வளர்ந்தன. மூத்தவளைத் தொட்டு அறிந்து ஒன்றில் செய்தாள். இளையவள் எங்கெங்கே மாறுபடுவாள் என்று யோசித்து மற்றொன்றில் செய்தாள். ஒவ்வொரு மாறுபாட்டோடும் ஒரு சம்பவம் ஞாபகத்துக்கு வந்தது. பிளாவியா மீட்புப் படைப் பயிற்சிக்கு விண்ணப்பித்ததை மறைத்தது, தேர்வானதும் அம்மாவைத் தூக்கிச் சுற்றியது, முதல் முறை ஒருவரைக் காப்பாற்றிவிட்டு வந்து பேச்சில்லாமல் உட்கார்ந்திருந்தது. அம்மா சொல்லிக்கொண்டே செய்தாள். வலி இருந்தது. ஆனால் அது வேலை செய்கிற வலியாக இருந்தது.

டாக்டர் ஜுலைகா ஒருநாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். மறுமாதம் நிலையத்தைத் திறந்தார். தொப்பிகளும் கண்ணாடிப் பெட்டிகளும் இருந்த கூடத்தில் மரமேசைகள் கிடந்தன, சாதாரண மண் இருந்தது. மகளைக் கண்டு திடுக்கிட்டுக்கொண்டிருந்தவர், அந்த மகளை எதிரே உட்காரவைத்து முதல் மேசையில் அமர்ந்தார். அம்மா இயந்திரம் செய்த சிலையை டாக்டரிடமே கொடுத்துவிட்டாள். "வாறவங்களுக்குக் காட்டுங்க. என்ன போவும்னு தெரிஞ்சுக்கிட்டு எது வேணுமோ அதக் கேக்கட்டும்," என்றாள்.

அதற்கு முன்பே மீட்புப் படையின் கேப்டன் சுடலைமுத்து வீட்டுக்கு வந்திருந்தார். துறைமுக முகப்பில் பிளாவியாவுக்குச் சிலை வைக்க முடிவாகியிருந்தது. நிலையத்தில் எடுத்த உருவத்தைப் பெரிதாக்கி வைக்கலாம் என்பது அவர்கள் எண்ணம்.

"அது வேண்டாம் சார்," என்றாள் அம்மா. "அது எங்கிட்ட இருந்து புடுங்குனது. நான் குடுக்குறத வைங்க."

கேப்டன் பலகையில் இருந்த களிமண் முகத்தைப் பார்த்தார். வாய் திறந்து, கண்கள் இடுங்கி, அது சிரித்துக்கொண்டிருந்தது. மூக்கின் ஒரு பக்கத்தில் விரல்தடங்கூடத் தெரிந்தது. அவர் நெளிந்தார்.

"நல்லா இருக்கும்மா. ஆனா உயிரக் குடுத்த பிள்ள. கொஞ்சம் கம்பீரமா இருந்தா நல்லதுன்னு சிலைக் குழுவுல சொல்லுவாங்க. சிரிச்சுக்கிட்டு இருந்தா..."

"ஏன் சார், சிரிச்சா கம்பீரம் இல்லையா? எம் பிள்ள அழுதுக்கிட்டா ஏணியில ஏறிருப்பா?" அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான் பெத்தவ. எனக்குத் தெரியும்."

குழுவில் முணுமுணுப்பு எழத்தான் செய்தது. கேப்டன் விட்டுக்கொடுக்காமல் வாதாடி ஒப்புதல் வாங்கினார். துறைமுகப் பட்டறையில் வார்ப்பு வேலை நடந்தது. பல்லுக்கு அச்செடுக்கும் அதே முறைதான். அளவு மட்டும் பெரியது. ஜெசிந்தா விடுப்பு எடுத்துக்கொண்டு பட்டறை ஆட்களோடு நின்றாள். மெழுகு உருவத்தில் அம்மாவின் விரல்தடங்கள் ஒன்றுகூட அழியாமல் பார்த்துக்கொண்டாள். உருகிய வெண்கலம் அச்சுக்குள் இறங்கிய நிமிடத்தில் பட்டறையே மூச்சுவிடாமல் நின்றது. அச்சை உடைத்துத் தங்கையின் சிரிப்பு வெளியே வந்தபோது, இதை நான் செய்தேன் என்ற எண்ணம் அவளுக்கு நெஞ்சு நிறைய வந்தது.

திறப்பு விழா அன்று துறைமுக முகப்பு நிரம்பி வழிந்தது. அம்மா பட்டுச்சேலை கட்டி மேடையில் கேப்டனுக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தாள். டாக்டர் ஜுலைகா முன்வரிசையில் இருந்தார். ஜெசிந்தா மேடைக்குப் போகவில்லை. வீட்டில் இன்னமும் குரல் கொடுத்துவிட்டுத்தான் அவள் அம்மாவின் முன்னால் வருவாள். சிலையை ஏற்றி நிறுத்திய பட்டறை ஆட்களோடு, அவர்களைப் போலவே நீலச் சட்டையும் காற்சட்டையும் அணிந்து, கூட்டத்தின் கடைசியில் பாரந்தூக்கி ஒன்றின் அடியில் நின்றுகொண்டாள்.

திரை விலகியது. கைதட்டல் எழுந்து, பாதியிலேயே குழம்பித் தணிந்தது. "என்னய்யா, சிரிக்கிற மாதிரி இருக்கு?" என்று ஜெசிந்தாவுக்கு முன்னால் நின்ற ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார். மேடையிலும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அப்போது, காப்பாற்றப்பட்டவர்களுக்கான வரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். பிரகலாத் ஓராவ் என்று பெயர். ஜார்க்கண்ட்காரர். கயிற்றில் கடைசியாக இறங்கியவர் அவர்தான். விபத்துக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து நேராகச் சொந்த ஊருக்குப் போனவர், இந்த விழாவுக்காகத்தான் திரும்பி வந்திருந்தார். சிலையின் முன்னால் போய் நின்று, கை கூப்பி, குலுங்கிக் குலுங்கி அழுதார். கேப்டன் அவர் தோளைப் பிடித்து ஒலிபெருக்கிப் பக்கம் அழைத்துவந்தார்.

"இதேதான்," என்றார் பிரகலாத். "இதே முகம். டவர் ஆடுது, நான் அழறேன், கயிறு விட மாட்டேன் சொல்றேன். அவங்க முகமறைப்பு தூக்கி, இப்படியே சிரிச்சாங்க. 'போங்கண்ணே, பின்னாலயே வாறேன்' சொன்னாங்க. அந்தச் சிரிப்பு பாத்து எனக்குப் பயம் போச்சு. நான் இறங்கினேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "விசாரணையில எல்லாரும் கயிறு பத்திக் கேட்டாங்க. முகம் எப்படி இருந்துச்சு, யாரும் கேக்கல. இந்த அம்மாக்கு எப்படித் தெரியும்?"

கூட்டத்தில் எங்கோ ஒருவர் கை தட்ட, அது அலைபோல எழும்பி, துறைமுகத்தில் நின்ற மீட்புப் படகுகள் சங்கு ஊத, ஓயவே இல்லை.

அம்மா எழுந்து ஒலிபெருக்கியின் முன்னால் வந்தாள். சத்தம் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"எனக்கு ரெண்டு மக்க," என்றாள். "ஒருத்தியப் பாத்துட்டிய. அவள நெனச்சு நான் தல நிமுந்து நிக்கேன். அவள எனக்குத் திரும்பக் காட்டுனது, நான் மண்ணப் போட்டுப் பிசைஞ்சப்ப எல்லாம் கூட இருந்தது, இந்த வெங்கலத்த வாத்தது எல்லாம் இன்னொருத்தி. மேடைக்கு வான்னு சொன்னேன், வர மாட்டேன்னுட்டா."

அம்மா கையை நெற்றியில் வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தாள். பார்வை ஒவ்வொரு முகமாக நகர்ந்து வந்தது. நீலச் சட்டைக்காரர்களிடம் வந்தது. நின்றது. ஜெசிந்தா வாயே திறக்கவில்லை. முன்வரிசையில் டாக்டர் ஜுலைகா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"அந்தா நிக்கா பாருங்க, பாரந்தூக்கிக்குக் கீழ," என்று அம்மா விரலை நீட்டினாள். "ஏட்டி ஜெசி, அங்க என்ன செய்யுத? மேல ஏறி வா. எல்லாரும் ஒன்னப் பாக்கட்டும்."